மின்சாரம் பிறக்கும் நெய்வேலி... மலிவு விலை ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கும் முன் ஒரு நிமிடம்!

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் ஆர்ச் கேட்டைத் தாண்டி டவுன்ஷிப்புக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது மர நிழல்தான். அகலமான சாலைகள், எண் போட்ட வட்டங்கள், வட்டத்துக்குள் வரிசையாகக் குடியிருப்புகள்.

ஊரின் இன்னொரு முகம் சுரங்கம். ராட்சத சக்கர இயந்திரங்கள் மேல்மண்ணை அகற்ற, அடியிலிருந்து வரும் பழுப்பு நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. என்.எல்.சி. நிறுவனம் உருவானது 1956-ல். சோவியத் உதவியோடு அமைந்த முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. 600 மெகாவாட் வரை வளர்ந்த அது, 2020-ல்தான் ஓய்வு பெற்றது. 58 வருட உழைப்பு!

இயந்திரம் அத்தனை வருடம் ஓட வேண்டுமென்றால், தேய்ந்த பாகத்தை நேரத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றும் பாகமும் தரமாக இருக்க வேண்டும். மின் நிலையத்துக்குப் பொருந்தும் இந்த விதி, நம் வீட்டு மின்விசிறிக்கும் பொருந்தும்.

பழுது எங்கே?

மே மாத வெயிலில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. பெரும்பாலும் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும். செல்போனில் தேடினால் மிக மலிவாக ஒன்று கிடைக்கிறது. மாட்டிய சில வாரங்களில் மறுபடியும் அதே மந்தம். 'காயில் போயிடுச்சு' என்று ஃபேனையே மாற்றிவிடுகிறோம். அவசரப்பட வேண்டாம். நன்றாக ஓடும் இன்னொரு ஃபேனின் அதே அளவு கெப்பாசிட்டரை (வழக்கமாக 2.5 எம்.எஃப்.டி.) எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிப் பாருங்கள். ஃபேன் வேகமெடுத்தால் மோட்டார் நலம். புதிதாக வாங்கிய பாகம்தான் கோளாறு. மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால் நீங்களே கைவைக்க வேண்டாம்.

பிளக்கைச் சோதிப்பது இன்னும் சுலபம். அதன் கால்கள் பித்தளையாக இருக்க வேண்டும். காந்தத்தைக் காட்டினால் ஒட்டுகிறதா? உள்ளே இரும்பு, மேலே முலாம் மட்டும்தான். அயர்ன் பாக்ஸ் போட்டதும் பிளக் கொதிப்பதும், கருகிய வாடை வருவதும் அபாய அறிகுறிகள்.

ஃபேன் நின்றால் வியர்வையோடு போகும். எம்.சி.பி. சரியில்லை என்றால்? லோடு கூடும்போது அது 'ட்ரிப்' ஆகாது. சுவருக்குள் ஒயர் எரியும். கீசரின் தெர்மோஸ்டாட் 'கட் ஆஃப்' ஆகாவிட்டால் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் உயிரைப் பணயம் வைப்பதுதான் இது. ஆர்.சி.சி.பி. உள்ள வீடுகளில் 'டி' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழாவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

முத்திரை நிஜமா?

2025 மார்ச்சில் டெல்லியில் ஒரு பெரிய ஆன்லைன் நிறுவனத்தின் கிடங்கில் இந்திய தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) சோதனை நடத்தியது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத, போலி முத்திரை ஒட்டிய 3,500-க்கும் மேற்பட்ட பொருட்கள் பிடிபட்டன. கீசர், மிக்ஸி எல்லாம் அதில் அடக்கம்.

எனவே, முத்திரையைப் பார்த்தால் மட்டும் போதாது. அதன் கீழே 'சி.எம்./எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைப் போட்டால் தயாரிப்பாளரின் பெயரும் பொருளும் வரும். கையில் இருக்கும் பெட்டியோடு பொருந்தாவிட்டால் உடனே திருப்பி அனுப்புங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள். உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அசையவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நெய்வேலி 16-வது வட்டத்தில் நடராஜர் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு மனுநீதி முறைப்பெட்டியும் ஆராய்ச்சி மணியும் உண்டு. குறையை எழுதிப் பெட்டியில் போட்டு, மணியை அடித்துவிட்டுப் போகிறார்கள் பக்தர்கள். ஏமாந்த பணத்தை 'போனால் போகட்டும்' என்று விடுபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான். குறையை எழுதுங்கள், மணியை அடியுங்கள்!