சூரியன் படம் போட்டேன், மயங்கி வந்தார்

திருப்பூர்ல "பட்டன் டிசைன் பண்றேன்"னு சொன்னா, "ரெண்டு ஓட்டையா நாலு ஓட்டையா?"னு கேப்பாங்க. நான் சொல்றது பவர்பாயிண்ட் ஸ்லைடுல தொட்டா வேற பக்கம் போகுமே, அந்த பட்டன். அதுல நான் செஞ்ச தப்பைத்தான் எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

ஒரு பனியன் கம்பெனியில சுகர், பிரஷர் பத்திப் பேசக் கூப்பிட்டாங்க. தொழிலாளர்கள்ல பாதிப்பேர் ஒடிசா, பீகார். எழுத்தா போட்டா யாருக்குப் புரியும்? படமாவே போடலாம்னு ராத்திரி உக்காந்து ஐகான் வரைஞ்சேன். ஒரு வட்டத்து மேல இன்னொரு வட்டத்தை வெச்சு, மெர்ஜ் ஷேப்ஸ்ல சப்ட்ராக்ட் குடுத்தா பிறை நிலா ரெடி. சூரியன் பக்கத்துல ஒரு மாத்திரை, நிலா பக்கத்துல ஒரு மாத்திரை. அவ்ளோ பெருமை எனக்கு. அந்த ஸ்லைடை பிரிண்ட் எடுத்து கேண்டீன்லயும் ஒட்டுனாங்க.

சில வாரம் கழிச்சு மத்தியானம் கேஷுவாலிட்டிக்கு ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறுது. சுகர் 42. டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தினதும் கண் முழிச்சார். அதே கம்பெனி நிட்டிங் ஆபரேட்டர், நைட் ஷிப்ட். கிளிமிபிரைடு சாப்பிடுறவர்.

"மாத்திரை எப்ப போட்டீங்க?"

"காலைல ஷிப்ட் முடிஞ்சு வந்து போட்டுட்டுப் படுத்தனுங்க. படத்துல சூரியன் போட்டிருந்துச்சுங்களே."

"முன்னாடி எப்ப போடுவீங்க?"

"சாயங்காலம் எந்திரிச்சு சோறு உங்கறப்பங்க."

சரியா சாப்பிட்டுட்டு இருந்த மனுஷனை என் ஐகான் மாத்திவிட்டிருக்கு. கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. போட்டுட்டு சாப்பிடாம தூங்கினா சுகர் இறங்கும். அந்த மாத்திரை அன்னைக்கு முதல் பெரிய சாப்பாட்டோட சேர்ந்தது. எனக்கு சூரியன்னா காலை டிபன். அவருக்கு சூரியன்னா படுக்கிற நேரம். (ஷிப்ட் மாறுறவங்க நீங்களா நேரத்தை மாத்திக்காதீங்க, டாக்டர்கிட்ட ஷிப்டைச் சொல்லிக் கேளுங்க.)

இது பெரிய இடத்துலயும் நடந்திருக்கு. 2000ல தாய்லாந்து சமுத் பிரகான்ல, கதிர்வீச்சு சிகிச்சை மெஷினோட பாகத்தைப் பழைய இரும்புன்னு பிரிச்சாங்க. அதுல மூணு இதழ் கதிர்வீச்சுச் சின்னம் இருந்தும் அவங்களுக்கு அது ஒண்ணும் சொல்லல. 3 பேர் இறந்தாங்க. 2007ல சர்வதேச அணுசக்தி முகமை புதுச் சின்னம் ஒண்ணைச் சேர்த்துச்சு: கதிர், மண்டை ஓடு, ஓடுற மனுஷன். அதை வெளியிடும் முன்னாடி இந்தியா உட்பட 11 நாட்டு மக்கள்கிட்ட காட்டிக் கேட்டாங்க. நான் யார்கிட்டயும் கேக்கல.

அடுத்த தடவை ஸ்லைடை எடுத்துட்டு நேரா செக்கிங் டேபிளுக்குப் போனேன். எதுவும் விளக்காம, "இது என்ன?"ன்னு மட்டும் கேட்டேன். எச்சரிக்கைக்கு முக்கோணம் போட்டிருந்தேன். ஒரு அக்கா, "ப்ளீச் போடலாம்ங்க டாக்டர். உள்ள எதுக்குங்க கோடு?"ன்னாங்க. வாஷ்கேர் லேபிள்ல முக்கோணம்னா ப்ளீச்! தினமும் ஆயிரக்கணக்குல அதைப் பாக்குறவங்க. தொட்டி, அயர்ன் பாக்ஸ், புள்ளி கூடினா சூடு கூடும், எக்ஸ் போட்டா செய்யாதே. நான் புதுசா கண்டுபிடிக்கவே வேண்டியதில்ல, ஊர்க்காரங்க ஒரு பட மொழியை ஏற்கெனவே படிச்சு வெச்சிருக்காங்க. "செய்யாதே"க்கு எல்லாம் அந்த எக்ஸையே எடுத்துக்கிட்டேன்.

முதலுதவி பட்டன்ல சிவப்புச் சிலுவை வெச்சிருந்தேன், அதையும் தூக்கினேன். 1960 ஜெனிவா ஒப்பந்தச் சட்டப்படி மத்திய அரசு அனுமதி இல்லாம அதைப் பயன்படுத்தக் கூடாது. டாக்டர்களும்தான். நம்மாளுங்க பாதிப்பேர் கார்ல ஒட்டிட்டுத் திரியுறாங்க, அது வேற கதை. முதலுதவிக்குப் பச்சையில வெள்ளைச் சிலுவை.

இன்னொரு தொல்லை. டச் ஸ்கிரீன்ல விரல் பட்டனை விட்டுத் தள்ளிப் பட்டா அடுத்த ஸ்லைடுக்கு ஓடிடும். டிரான்சிஷன்ஸ்ல "ஆன் மவுஸ் கிளிக்" டிக்கை எடுத்துடுங்க. கோடு கோடா வரைஞ்ச ஐகான்னா, மேல முழுசா டிரான்ஸ்பரன்ட் ஆன ஒரு கட்டத்தை வெச்சு லிங்க்கை அதுக்குக் குடுங்க, எங்க தொட்டாலும் வேலை செய்யும். வீடு பட்டனை ஸ்லைடு மாஸ்டர்ல ஒரே தடவை போட்டா எல்லா ஸ்லைடுலயும் வந்துடும்.

இப்ப சூரியனும் இல்ல, நிலாவும் இல்ல. பாய்ல இருந்து எந்திரிக்கிற ஆள், அடுத்து ஒரு தட்டு, தட்டோரம் மாத்திரை. ரிவ்யூவுக்கு வந்த அதே ஆபரேட்டர்கிட்ட போன்ல காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தட்டு காலியா இருக்குதுங்களே டாக்டர்."

அன்னைக்கு ராத்திரி உக்காந்து சோறு வரைஞ்சேன்.