தகரப்பெட்டியில் கிடந்த சீட்டு

தங்கச்சி வளைகாப்பு முடிஞ்சு வீட்டுக்கு வந்திருக்கா. 2 வருசத்துக்கு முந்தி கர்ப்பப்பையில இருந்த நார்க்கட்டியை ஆபரேசன் பண்ணி எடுத்தோம். சுகப்பிரசவம் ஆகுமான்னு அம்மாவுக்கு ஒரே கவலை.

ஒரு டாக்டர் எடுத்த எடுப்பிலேயே சிசேரியன்னார். இன்னொரு டாக்டரம்மா, "பழைய ஆபரேசன் சீட்டைக் கொண்டாங்க"ன்னாங்க. கட்டி வெளிப்பக்கம் ஒட்டியிருந்தா, பெரிய ஆஸ்பத்திரியில வச்சு சுகப்பிரசவத்துக்குப் பார்க்கலாமாம். உள்ளறை வரைக்கும் வெட்டித் தச்சிருந்தா, வலி வர்றதுக்கு முந்தியே சிசேரியன் பண்றதுதான் நல்லதாம். வலியில தையல் விடுறது அபூர்வம்தான். விட்டா ரெண்டு உசுருக்கும் ஆபத்து.

விதை ரசீதுகளோட தகரப்பெட்டியில கிடந்தது சீட்டு. படிச்சுட்டு, "உள்ளறை வரைக்கும் போயிருக்கு"ன்னாங்க.

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "உடைஞ்சு அடைச்ச வரப்புல முழுத்தண்ணி விடுவோமாடா?"ன்னுச்சு.

உங்க வீட்டுலயும் அந்தச் சீட்டைப் பத்திரமா வைங்க.