நாலு விரல் நீளம்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்தெருவில் இருக்கிறது அந்தப் பட்டறை. ஒரு லேத்து, ஓர் ஆர்கான் வெல்டிங் மெஷின், சுவரில் ஆணியடித்து மாட்டிய பழைய சுவிங் ஆர்ம்கள். டிராக் ரேஸுக்குப் போகும் பைக்குகளின் பின்பக்கத்தை இங்கே மாற்றிக் கட்டுகிறார்கள்.

நான் போன அன்று ஸ்டாண்டில் நின்றது ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான 98 சிசி வண்டி. கம்பெனி கொடுத்த 11 குதிரைத்திறனுக்கு மேல் என்ஜினில் வேலை செய்து சக்தியை ஏற்றியிருந்தார்கள். கொண்டுவந்த இளைஞருக்கு ஒரே குறை. "கிளட்ச் விட்டா முன்னாடி தூக்குது மாஸ்டர். பயத்துல ஆக்ஸிலேட்டரைக் குறைச்சுடறேன்."

டிராக் ரேஸின் 402 மீட்டர் ஓட்டத்தில் முதல் 60 அடியில் தவறவிட்ட நேரம் கடைசிக் கோடு வரைக்கும் கூடவே வரும். அதனால்தான் கிளம்புவதற்கு இத்தனை மெனக்கெடுகிறார்கள்.

இளைஞர் கையோடு ஒரு ஜோடி புது ஷாக் அப்சார்பரும் வாங்கி வந்திருந்தார். கடையில் இருந்ததிலேயே கெட்டியானது. மாஸ்டர் அந்த அட்டைப்பெட்டியைத் திறக்கவில்லை. "மொதல்ல வண்டி என்ன செய்யுதுன்னு பாப்போம் தம்பி" என்று, போனில் எடுத்திருந்த ஸ்லோமோஷன் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். கிளம்பும் நொடியில் பாரம் பின்னால் போகிறது. டயர் தரையைக் கவ்வ அது வேண்டும். அளவு மிஞ்சினால் முன்சக்கரம் எழுந்துவிடும். உயரமான, இரண்டு சக்கரமும் நெருங்கி நிற்கிற வண்டி சீக்கிரமே எழும். ஆகவே பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மை நீட்ட வேண்டும், வண்டியைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

"எவ்வளவு நீட்டுவீங்க?" என்றேன்.

"இந்த வண்டிக்கு நாலு விரல் போதும் சார். அதுக்கு மேல போனா பின்னாடி பாரம் பத்தாது, டயர் நின்ன எடத்துல சுத்தும்."

இறக்குவதற்கும் எல்லை உண்டு. சுவிங் ஆர்ம் பின்னோக்கிச் சற்றே சரிந்திருந்தால், கிளம்பும் விசை வண்டியின் பின்புறத்தைத் தூக்கிப் பிடித்து டயரைத் தரையில் அழுத்தும். அளவுக்கு மீறி இறக்கினால் அந்தச் சரிவு போய்விடும், வண்டி குந்திக்கொள்ளும்.

நீட்டும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஷாக் அப்சார்பர் பழைய இடத்திலேயே இருக்க, சக்கரம் மட்டும் தள்ளிப் போகிறது. நெம்புகோல் நீளமாகிவிட்டது. 45 செ.மீ. இருந்த ஆர்ம் 52.5 செ.மீ. ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே ஸ்பிரிங், சக்கரத்தின் கணக்கில் கால் பங்குக்கு மேல் தளர்ந்துபோகும். கெட்டி ஸ்பிரிங்குக்கு அப்போதுதான் வேலை வருகிறது. எவ்வளவு கெட்டி என்பது நீளத்தை முடிவுசெய்த பிறகே தெரியும். ஸ்பிரிங்கை முதலில் வாங்குவது காலை அளக்காமல் செருப்பு வாங்குவதுதான். ஷாக் அப்சார்பரையே கழற்றிவிட்டு இரும்புத் தண்டைப் போடுகிறவர்களும் உண்டு. வழவழப்பான தளத்தில் அது சரி. சின்ன மேடு வந்தாலும் சக்கரம் துள்ளும்.

மத்தியானத்துக்கு மேல் வெல்டிங் ஆரம்பித்தது. ஆர்மை வெட்டி, உள்ளே ஒரு குழாயைச் செருகி, ஜிக்கில் இறுக்கினார்கள். முதலில் நாலு பக்கமும் பொட்டுப் பொட்டாக டாக். பிறகு இடப்பக்கம் ஓர் அங்குலம், ஆறவிட்டு வலப்பக்கம் ஓர் அங்குலம். ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூடு இழுத்து ஆர்ம் கோணிவிடும். ஊதி ஆறவைக்கப் போன உதவிப் பையனின் கையை மாஸ்டர் பிடித்து நிறுத்தினார். தானாக ஆற வேண்டும்.

எல்லாம் பூட்டியதும் ஒரு தையல் நூலை எடுத்தார். பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒட்டிப் பிடித்து முன்சக்கரம் வரை இழுத்தார். தரையில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வலப்பக்க இடைவெளி இம்மி அதிகம். செயின் அட்ஜஸ்டரைக் கால் சுற்றுத் திருகி மறுபடி நூல் பிடித்தார். இப்படி ஐந்து முறை. லட்சங்களில் வாங்கிய கருவிகளோடு நடக்கும் வேலைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த நூலின் மேல் எனக்கு வந்த நம்பிக்கை அங்கெல்லாம் வந்ததில்லை.

வேலையை ஏற்கும் முன் அவர் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான்: "ரோட்டுக்கா, ரேஸுக்கா?" ரோட்டுக்கு என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். ஆர்சியில் பதிவான வீல்பேஸை, அதாவது இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரத்தை, மாற்றி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி குற்றம். பொதுச்சாலையில் பந்தயம் விடுவது 189-ஆம் பிரிவின்படி குற்றம். பள்ளமும் மேடுமான தெருவில் அந்த ஒட்டு விட்டால் ஓட்டுகிறவரோடு போகாது, எதிரே வருகிறவரையும் கொண்டுபோகும்.

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து பந்தயத்தளம் இருக்கிறது. டிராக் பந்தயங்களும் அங்கே நடக்கின்றன. வேகத்தில் ஆசையுள்ள தம்பிகளே, வண்டியை அங்கே கொண்டுபோங்கள்.