சைக்கிள் டியூப் ராக்கெட்



 1980 ஜூலை 18-ல்தான் எஸ்.எல்.வி-3, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. வருஷா வருஷம் வகுப்பில் சொல்வேன், நினைவிருக்கும். முந்தைய வருஷம் ஆகஸ்ட் 10-ல் முதல் கட்டம் ஒழுங்காக எரிந்து, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்து, ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்ததையும் சொல்வேன். நாம் செய்த ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தைப் பற்றி மட்டும் முழுசாகச் சொன்னதில்லை.

அறிவியல் கண்காட்சிக்கு இரண்டு கட்டத் தண்ணீர் ராக்கெட் செய்யலாம் என்று ஆரம்பித்தது நான். குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிச் சைக்கிள் பம்பால் காற்றடித்துத் திறந்துவிட்டால் தண்ணீர் கீழே பீய்ச்சும், பாட்டில் மேலே போகும். ஒரு கட்டம் யாரும் செய்துவிடலாம். அதன் தலையில் இன்னொன்றை ஏற்றுவதுதான் வம்பு. 17 டன்னாகக் கிளம்பிய எஸ்.எல்.வி-3 மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது 35 கிலோ செயற்கைக்கோள். வழியெல்லாம் காலிக் கூட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டே போகணும். தள்ளுகிற வரை கீழ்க்கட்டம் மேல்கட்டத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கணும். தள்ளி முடித்ததும் விட்டுவிடணும்.

நான் டேப் சுற்றினேன். இறுக்கினால் பிரியவில்லை. தளர்த்தினால் பம்ப் அடிக்கும்போதே மேல் பாட்டில் கழன்று என் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. மூக்கில் கனம் வேண்டுமே என்று விருத்தாசலம் பீங்கான் பொம்மை ஒன்றை வைத்துக் கட்டினேன். முதல் இறக்கத்திலேயே தூள். (அது வீட்டம்மாவின் கொலுப் பொம்மை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.)

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். "சார், பிடிக்கிறதையும் காத்தை வச்சே பிடிச்சா? காத்து போனா தானா விட்டுடும்ல" என்றான்.

"ராக்கெட்டுக்குப் பஞ்சர் ஒட்டப் போறியாடா?" என்றேன். வகுப்பே சிரித்தது. உங்களில் சிலரும் சிரித்தீர்கள். கண்காட்சிப் பட்டியலில் நன்றாக மார்க் வாங்குகிற இரண்டு பேரின் பெயரை எழுதினேன். டேப் ராக்கெட் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே விழுந்தது. இதுவரை உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பின் பத்து நாள் அவன் சொன்னது மண்டையிலேயே இருந்தது. ஒரு சாயங்காலம் அவன் கடைக்கே போனேன். "சொல்லுப்பா, எப்படி?" என்றேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரு பழைய டியூபைத் துண்டாக அறுத்தான்.

மேல் பாட்டிலின் கழுத்தைச் சுற்றி டியூப் துண்டு. அதைச் சுற்றி பிளாஸ்டிக் பைப் வளையம். கீழ் பாட்டிலின் காற்று இரண்டுக்கும் நடுவில் புகுந்தால் டியூப் உள்பக்கம் உப்பிக் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். கீழே காற்றுத் தீர்ந்ததும் டியூப் தொய்ந்து பிடி விடும். மேல் பாட்டிலின் காற்று திரும்பி இறங்காமலிருக்க, உள்ளே நீட்டிய குழாயின் நுனியில் சைக்கிள் வால்வு டியூப். காற்று உள்ளே போகும், வெளியே வராது. எல்லாமே அவன் தினம் கையில் புரட்டுகிற சாமான்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளாற்று மணலுக்குப் போனோம். முதல் தடவை கருவேல முள்ளில் சொருகியது. இரண்டாவது தடவை வளையத்தில் காற்று கசிந்தது. மூன்றாவது தடவை கீழ் பாட்டில் தண்ணீரைத் துப்பி முடித்தது, 'டப்' என்று ஒரு சத்தம், மேல் பாட்டில் தனியாகக் கிளம்பிப் பனை உயரம் தாண்டிப் போனது. பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும் ஆடு மேய்த்த ஒரு பாட்டியும்தான். அவன் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் கண்காட்சி இருக்குமா சார்?" என்று மட்டும் கேட்டான்.

இருந்தது. அவன் இல்லை. பத்தாவதோடு கடையில் உட்கார்ந்துவிட்டான். அதற்கு என் ஒரு கிண்டல்தான் காரணம் என்று சொன்னால் என்னை நானே பெரிய ஆளாக்கிக்கொள்வதாகும். வீட்டு நிலைமை அப்படி. ஆனால் பட்டியலில் அவன் பெயரை எழுதாத கை என்னுடையது. சிரிப்பை ஆரம்பித்து வைத்ததும் நான். தம்பி, இதைப் படித்தால், உன்னிடம் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு இது.

யாரும் எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம். பிள்ளைகளோடு செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று: குடிதண்ணீர் பாட்டில் வேண்டாம், காற்றுத் தாங்காமல் வெடிக்கும், சோடா, கலர் வருகிற பாட்டில்தான் வேண்டும். 40 பவுண்டுக்கு மேல் காற்று ஏற்றாதீர்கள். நீளக் கயிறு கட்டி, தள்ளி நின்று இழுங்கள். கொலுப் பொம்மையைத் தொடாதீர்கள்.