லாயத்தில் வைத்த தோட்டா

தட்டுப்பாடு என்ற பேச்சு காதில் விழுந்தாலே நமக்கு முதலில் தோன்றுவது பதுக்கல்தான். யூரியா வராதாம் என்றால் தேவைக்கு மேல் நான்கு மூட்டை இறக்குகிறோம். வெங்காயம் ஏறப்போகிறது என்றால் அழுகும் அளவுக்கு வாங்கிக் குவிக்கிறோம். செஞ்சியை அடுத்த அனந்தபுரத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன். பட்டாளத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். எனக்குத் தெரிந்த தோட்டாவை வைத்தே சொல்கிறேன்.

ஒரு தோட்டாவில் நாலு பாகம். முன்னால் குண்டு, உள்ளே மருந்து, அடியில் பொறி கொடுக்கும் கேப், இவற்றைத் தாங்கும் பித்தளைக் கூடு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப் செத்துவிடும். மிஞ்சுவது கூடுதான். நூற்றுக்கு எழுபது செம்பும் முப்பது துத்தநாகமும் கலந்த பித்தளை அது. வெடிக்கும் கணத்தில் உப்பித் துப்பாக்கியின் அறையை அடைத்துக்கொள்ளும். புகையும் அனலும் பின்னால் வந்து சுடுகிறவன் முகத்தில் அடிக்காமல் காக்கும். உடனே கொஞ்சம் சுருங்கி, இழுத்தால் வெளியே வந்துவிடும்.

பட்டாளத்தில் இதைக் 'கோக்கா' என்போம். ஃபயரிங் முடிந்ததும் எத்தனை ரவுண்டு வாங்கினோமோ அத்தனை காலி கோக்கா திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் வெயிலில் குனிந்து புல்லை விலக்கித் தேட வேண்டியதுதான். 'என்னிடம் தோட்டாவும் இல்லை, காலி கோக்காவும் இல்லை' என்று சொல்லிவிட்டுத்தான் மைதானத்தை விட்டு நகரலாம். வாலிப வயதில் அது வீண் கெடுபிடியாகத் தெரிந்தது. கள்ளத்தனமாக ஒரு தோட்டாவும் வெளியே போகக் கூடாது என்பது ஒரு காரணம். செலவானது போக மிஞ்சியதற்கும் கணக்கு உண்டு என்ற பழக்கம் ஆளுக்குள் இறங்க வேண்டும் என்பதை இன்னொரு காரணமாக நான் எடுத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் செலவுக்குக் கணக்கு எழுதுகிறோம்; மிச்சத்துக்கு யார் எழுதுகிறார்கள்?

இரண்டாம் உலகப் போரில் இந்தப் பித்தளைக்கு வேண்டிய செம்புக்கு உலகமே தவித்தது. ஜெர்மனி தோட்டாக் கூட்டை எஃகில் செய்தது. அமெரிக்கா 1943-இல் செம்புக் காசை நிறுத்திவிட்டு எஃகில் காசு அடித்தது. அதே 1943-இல் நம் நாட்டில் வந்ததுதான் ஓட்டைக் காலணா. நடுவே துளை போட்டு, பழைய காலணாவின் பாதி எடைகூட இல்லாமல் அச்சடித்தார்கள். உலோகம் பாதியானாலும் காலணா காலணாவாகவே செல்லுபடி ஆயிற்று. குறைந்ததை வைத்து அதே வேலையை வாங்குவது எப்படி என்பதற்கு, எங்கள் பாட்டிமார் இடுப்பில் முடிந்து வைத்திருந்த அந்தக் காசே சாட்சி.

அமெரிக்காவில் குறி சுடுகிறவர்கள் பலர் காலிக் கூட்டைப் பொறுக்கி, புது மருந்தும் குண்டும் அடைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். 2020-இல் கொரோனாவோடு தோட்டாவுக்கும் அங்கே பெரிய தட்டுப்பாடு வந்தபோது, தரையில் கிடக்கும் பித்தளைக்கு மவுசு ஏறியது. நம் நாட்டில் உரிமமில்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். யாரும் கைவைக்க வேண்டாம். ஆனால் அந்த வேலையில் உள்ள சூட்சுமம் நமக்கும் பயன்படும்.

பித்தளையை அடிக்க அடிக்க இறுகும் என்பது பாத்திரம் அடிக்கும் கன்னாருக்குத் தெரியும். இடையிடையே காய்ச்சி இளக்கிக்கொள்ளாவிட்டால் தகடு பிளந்துவிடும். தோட்டாக் கூடும் அப்படித்தான். ஒவ்வொரு முறை உப்பிச் சுருங்கும்போதும் அதன் கழுத்து இறுகும், கடைசியில் கீறும். ஆகவே கழுத்தை மட்டும் சூடுகாட்டி இளக்குவார்கள். அடிப்பாகத்தை இளக்கக் கூடாது. அதுதான் அழுத்தம் தாங்கும் இடம். அது மெத்தென்று ஆனால் சுடுகிறவனுக்கே ஆபத்து. எங்கே இளகுவது, எங்கே உறுதியாக நிற்பது என்று தெரிந்தவன் கையில்தான் கூடு பலமுறை உழைக்கும்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்துக்குப் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால், ஒருமுறைகூடச் சுடாத புதுத் தோட்டாக்களில் பல கீறிப் பிளந்து கிடந்தன. யாரும் அடிக்கவில்லை, கீழே போடவில்லை. 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். கூட்டை இழுத்து வடிக்கும்போது உள்ளே தங்கிப்போன இறுக்கம் ஒன்று. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா இன்னொன்று. இரண்டும் சேர்ந்தபோது பித்தளை சும்மா இருந்த இடத்திலேயே பிளந்தது. மிதமாகச் சூடுகாட்டி உள்ளிறுக்கத்தைப் போக்குவதுதான் அதற்கு மாற்று.

சேர்த்து வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் செஞ்சிக் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே களஞ்சியங்கள் இன்னும் நிற்கின்றன. முகலாயப் படை 1690-இல் முற்றுகையிட்ட அந்தக் கோட்டை 1698-இல்தான் விழுந்தது. சேமிப்பில்லாமல் அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க முடியாது. எங்கே வைக்கிறோம், எந்த மனதோடு வைக்கிறோம் என்பதே கேள்வி.

பயத்தில் சேர்த்தவன் வீட்டைக் கவனித்திருக்கிறேன். மூட்டை அடுக்கு உயர உயர அவன் முகம் இறுகும். பக்கத்து வயல்காரன் இரவல் கேட்டால் பொய் சொல்வான். பெண்டாட்டி ஒரு படி அதிகம் அளந்தால் சண்டை போடுவான். கூடவே 'நாளைக்கு அதுவும் கிடைக்காதாம்' என்று காதில் ஓதும் கூட்டம் ஒன்று சேரும். உள்ளிறுக்கமும் கெட்ட காற்றும் சேர்ந்தாயிற்று. மழை பொய்த்த வருஷங்களில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரிந்துபோன குடும்பங்களைக் கேட்டால், சோறு இல்லாமல் பிரிந்தோம் என்று அநேகமாக யாரும் சொல்ல மாட்டார்கள். அப்போது ஒருவரையொருவர் சொன்ன சொல்லைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

ஆகவே பிள்ளைகளே, குறைவு வரும்போது மிச்சத்தை எண்ணி எழுதுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறையாவது வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து, இருப்பது இவ்வளவு என்று வாய்விட்டுப் பேசுங்கள். மறைத்து வைத்த கணக்குதான் மனசை இறுக்கும். நாக்கில் இளக்கம் இருக்கட்டும், நாணயத்தில் வேண்டாம். இன்னும் ஒன்று: கழுத்துக் கீறிய கூட்டை, எவ்வளவு தட்டுப்பாடானாலும், விவரம் தெரிந்தவன் மறுபடி அடைக்க மாட்டான். வட்டிக்கு வட்டி கட்டிக் காப்பாற்றும் பழைய டிராக்டரோ, நாலாவது முறையும் தண்ணீர் காட்டாத போர்வெல்லோ எதுவானாலும், கீறல் விழுந்துவிட்டதென்றால் விட்டுவிடுங்கள். அதைத் தூக்கிப் போடும் நஷ்டத்துக்கு ஓர் அளவு உண்டு. வைத்துக்கொண்டு சுடும் நஷ்டத்துக்கு அளவில்லை.