சொல்லறியா இருவர்

பட்டினப்பாக்கம் என்னும் பெயர் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. பண்டைப் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளாக விளங்கியதைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கின்றது. அதே பெயரைத் தாங்கிய ஊர் ஒன்று சென்னையிலும் உண்டு. மயிலாப்பூரை அடுத்து, சாந்தோமுக்கும் அடையாற்றின் கழிமுகத்துக்கும் இடையே, கடலோரமாக அஃது அமைந்துள்ளது. மீனவர் குடியிருப்புகளும் அடுக்குமாடி வீடுகளும் அங்கே அருகருகே நிற்கின்றன.

அவ்வூரில் ஓர் இல்லம். அதில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனும் ஒன்றரை வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தனர். அவன் ஓடித் திரிவான். அவள் தளர்நடை பயில்வாள். துறைமுகத்தில் கணக்கராயிருந்து ஓய்வு பெற்ற தாத்தா, பாட்டி, பெற்றோர் ஆகியோருடன், படிப்பின் பொருட்டு அங்கே தங்கியிருந்த அத்தை மகனும் அவ்வீட்டில் இருந்தான். அவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். குழந்தைகள் உயிர்களிடத்து அன்பு பயில வேண்டுமானால் வீட்டில் ஓர் உயிரை வளர்த்தல் நன்று என்று ஒருநாள் மாலையில் பேச்செழுந்தது. எதை வளர்ப்பது என்பதில்தான் கருத்து வேறுபட்டது. பாட்டி கிளியை விரும்பினார். தாய் முயலை விரும்பினாள். தந்தை கண்ணாடித் தொட்டியில் சிற்றாமை வளர்க்கலாம் என்றார். மாணவனோ, படத்தில் கண்டு மயங்கிய சைபீரிய நாட்டு அடர்மயிர் நாயே வேண்டும் என்றான்.

தாத்தா புன்னகை புரிந்தார். "எந்த உயிர் அழகியது என்று எண்ணுகின்றீர்கள். முதலில் இக்குழந்தையின் கையைப் பாருங்கள்" என்றார். சிறுமி தன் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிசைந்து கூழாக்கிக் கொண்டிருந்தாள். "பழத்தின்மேல் அவளுக்குப் பகையில்லை. எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பது அவள் கைக்கு இன்னும் தெரியவில்லை. அந்தக் கையில் எந்த உயிரை ஒப்படைப்பது என்பதே கேள்வி" என்றார். அனைவரும் அமைதியாயினர்.

பின்னர் அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. ஆதலின் அந்த ஆசையை விட்டுவிடல் வேண்டும். முயல் சாதுவான உயிரே. ஆயினும் அதன் முதுகெலும்பு மெல்லியது. அஞ்சித் துள்ளும்போதோ குழந்தையின் கையினின்று நழுவி விழும்போதோ அது முறிந்துவிடக்கூடும். சிற்றாமையின் மேனியில் சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிர் தங்கியிருக்கக்கூடும். கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயிலிடும் பருவத்தினரை அது வயிற்றுப்போக்காலும் காய்ச்சலாலும் வருத்தும். இதுபற்றியே அமெரிக்க நாட்டில் நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்றல் 1975ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. வண்ண மீன்கள் குழந்தைக்கு ஊறு செய்யா. எனினும் தொட்டி, சிறு கைகள் எட்டாத உயரத்தில், சாயாதபடி நிறுத்தப்படல் வேண்டும்.

"நாயே ஏற்றது என்றால் சைபீரிய நாய்க்கு என்ன குறை, தாத்தா?" என்று மாணவன் வினவினான்.

"குறை நாயிடத்தில் இல்லை, தம்பி; நம் ஊரின் வெயிலில் இருக்கின்றது. பனியில் வண்டியிழுக்கப் பிறந்த உயிர் சித்திரை மாதத்தில் இங்கே என்ன பாடுபடும்? நம் தெருக்களில் திரியும் நாட்டு நாய் இவ்வெயிலுக்குப் பழகியது. அதிலும் குட்டி வேண்டா. பல் முளைக்கும் குட்டி கண்டதையெல்லாம் கடிக்கும். வளர்ந்து, குணம் தெரிந்து, பொறுமையுடையது என்று பழகியவர் சொல்லும் நாயே சிறு குழந்தைகள் உள்ள வீட்டிற்கு ஏற்றது" என்றார் தாத்தா.

வெறிநாய்க்கடி நோயையும் அவர் மறக்கவில்லை. அந்நோயின் குறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885ஆம் ஆண்டில் தம் தடுப்பு மருந்தால் காத்த ஜோசப் மைஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனே. அவ்வறிஞர் பெயரால் 1907ஆம் ஆண்டில் குன்னூரில் ஒரு நிலையம் நிறுவப்பெற்றது. நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுதல், மாநகராட்சியில் உரிமம் பெறுதல், கடியோ கீறலோ பட்டால் அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி உடனே மருத்துவரை அடைதல் ஆகிய மூன்றையும் அவர் வலியுறுத்தினார்.

"நல்ல குணமுள்ள நாயானால் குழந்தைகளை அதனுடன் விட்டுவிட்டு நாம் வேலை பார்க்கலாம் அல்லவா, மாமா?" என்று மருமகள் கேட்டாள்.

அதற்குத் தாத்தா ஒரு பழங்கதையைச் சொன்னார். ஒரு தாய் தன் மகவையும், தான் வளர்த்த கீரியையும் வீட்டில் தனியே விட்டுச் சென்றாள். குழந்தையை நெருங்கிய பாம்பைக் கீரி கொன்றது. திரும்பி வந்தவள் அதன் வாயில் குருதி கண்டு, பிள்ளையைக் கடித்துவிட்டது என்று எண்ணி, அதனைக் கொன்றாள். உள்ளே சென்றபோது குழந்தை நலமாயிருந்தது. பஞ்சதந்திரம் இக்கதையைக் கூறும். கீரியைக் கொன்ற பழியால் கணவன் பிரிந்து செல்ல, புகார் வீதிகளில் அலமந்த ஒரு பெண்ணுக்குக் கோவலன் உதவி, அக்கணவனோடு மீண்டும் சேர்த்த செய்தியைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் எடுத்துரைக்கின்றான். ஆங்கிலத் தீவிலுள்ள வேல்சு நாட்டினரும் கெலர்ட் என்னும் வேட்டைநாயைப் பற்றி இத்தகைய கதையொன்றைச் சொல்லுகின்றனர்.

"குழந்தையாலும் நடந்ததைச் சொல்ல முடியவில்லை; கீரியாலும் சொல்ல முடியவில்லை. பார்த்திருக்க வேண்டியவர் பார்க்கவில்லை. எவ்வளவு நல்ல நாயாயினும், பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் குழந்தையுடன் விடல் ஆகாது" என்று முடித்தார்.

சென்னையில் கேப்டன் சுந்தரம் என்பவர் 1959ஆம் ஆண்டில் தொடங்கிய புளூகிராஸ் என்னும் உயிர்ப் பாதுகாப்பு அமைப்பு, ஆதரவற்ற விலங்குகளைக் காத்து, வளர்க்க விரும்புவோர்க்குக் கொடுத்து வருகின்றது. கிண்டியிலுள்ள அவ்விடத்திற்குச் சென்று, பழுப்புநிறப் பெண்நாய் ஒன்றை அவர்கள் இல்லத்திற்கு அழைத்து வந்தனர். கூடத்தின் மூலையில் அதற்கென ஒரு சாக்கு விரிக்கப்பட்டது. அவ்விடத்திற்குக் குழந்தைகள் செல்லலாகாது என்பது வீட்டின் விதியாயிற்று.

ஒரு திங்கள் கழிந்தது. ஒருநாள் நாய் உணவு உண்டுகொண்டிருக்கையில், சிறுமி ஓடிச்சென்று அதன் வாலைப் பற்றி இழுத்தாள். நாய் உண்பதை நிறுத்தி, உடல் விறைத்து, மெல்ல உறுமியது. அருகிலிருந்த மாணவன் சிறுமியை வாரியெடுத்தான். தந்தை சினந்து, கோலொன்றை எடுத்துக்கொண்டு நாயை அடிக்க விரைந்தார்.

தாத்தா அவர் கையைப் பற்றினார். "பொறு. அது கடிக்கவில்லை; 'வலிக்கின்றது, விடு' என்று சொன்னது. அதற்குத் தெரிந்த சொல் அஃது ஒன்றே. உறுமியதற்காக அடித்தால், அடுத்த முறை உறுமாது, சொல்லாமலே கடிக்கும். தவறு நாயுடையதும் அன்று, குழந்தையுடையதும் அன்று. உணவு வைத்த நேரத்தில் குழந்தையை அருகே விட்ட நம்முடையதே" என்றார்.

தந்தை கோலைக் கீழே வைத்தார். மறுநாளே சாக்கு விரித்த மூலைக்குக் குறுக்கே ஒரு மரத்தட்டி வைக்கப்பட்டது. நாய்க்கு உணவு அதன் பின்னேயே வைக்கப்பட்டது. மாலைதோறும் மாணவன் சிறுமியைத் தன் மடியிலிருத்தி, அவள் விரல்களை விரித்து, நாயின் முதுகை மெல்லத் தடவக் கற்பித்தான். நாய் எழுந்து அகன்றால், அதனைப் பின்தொடராமல் விடவும் கற்பித்தான். கூழாகப் பழத்தைப் பிசைந்த அக்கை நாளடைவில் அளவறிந்தது.

குழந்தைகட்கு ஏற்ற உயிரைத் தேர்வோர், அவ்வுயிர்க்கு ஏற்றவராகத் தம்மையும் ஆக்கிக்கொள்ளல் வேண்டும். சொல்லறியா இருவர் கூடி வாழும் வீட்டில், இருவர் பொருட்டும் கண்ணாயும் சொல்லாயும் நிற்பது மூத்தோர் கடனாகும்.