குளோஸ் என்றால் மூடுவதல்ல

ஜாவாவில் எழுதிய ஒரு வலைத்தளம் காலையில் ஜோராக ஓடும். மதியம் அப்படியே நின்றுவிடும். எரர் எதுவும் வராது. பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடும். பலரும் அதோடு விட்டுவிடுவார்கள். மறுநாள் மதியம் அதே கதை.

இதற்குக் காரணம் பல நேரங்களில் கனெக்‌ஷன் பூல். டேட்டாபேஸுடன் ஒவ்வொரு முறையும் புதிதாக இணைவது நேரம் பிடிக்கும் வேலை. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ப்ராசஸே தொடங்குகிறது. அதனால் சில இணைப்புகளைத் திறந்தே வைத்து, நூலகப் புத்தகம் மாதிரி கொடுத்து வாங்குகிறது பூல். இங்கே குளோஸ் செய்தால் இணைப்பு மூடப்படுவதில்லை, பூலுக்குத் திரும்புகிறது.

டாம்கேட்டோடு வரும் டிபிசிபி 2 பூலில், எதையும் மாற்றாவிட்டால், அதிகபட்சம் 8 இணைப்புகள். காத்திருக்க நேர வரம்பே கிடையாது. குவெரியில் எக்ஸப்ஷன் வந்து, கீழே இருக்கும் குளோஸ் வரி ஓடாமல் போனால் ஒரு இணைப்பு போச்சு. இப்படி 8 முறை நடந்தால், அடுத்து வருபவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒருவரே நாலு தடவை சோதித்துப் பார்க்கும்போது இது கண்ணில் படாது. டெமோ நாளில் படும்!

8-ஐ 80 ஆக்கினால்? மதியம் நிற்பது ராத்திரி நிற்கும், அவ்வளவுதான். இரண்டு சர்வர் இருந்தால் 160. போஸ்ட்கிரெஸின் டிஃபால்ட் வரம்போ 100.

2011-ல் வந்த ஜாவா 7-இன் ட்ரை-வித்-ரிசோர்சஸ், எக்ஸப்ஷன் வந்தாலும் இணைப்பைத் தானே திருப்பிவிடும். இணைப்பை வாங்கும் வரியிலேயே திருப்பித் தருவதற்கும் வழி செய்துவிடுங்கள்.